அலையை வரவழைத்தால் கற்பனை வருமா?

ஹெட்ஃபோனில் இடது காதுக்கு 200 ஹெர்ட்ஸ் ஒலி, வலது காதுக்கு 210. இரண்டும் சேரும்போது நொடிக்குப் பத்து முறை ஒரு துடிப்பு கேட்கும். வெளியே அப்படியொரு துடிப்பே இல்லை. மூளைதான் அதை உண்டாக்கிக்கொள்கிறது. ‘பைனாரல் பீட்ஸ்’ எனப்படும் இது மூளையை அதே வேகத்தில் துடிக்கும் ஆல்ஃபா மின்னலைக்கு இழுத்துச் செல்லும், கற்பனை ஊற்றெடுக்கும் என்ற நம்பிக்கையில் பலர் யூடியூபில் மணிக்கணக்காகக் கேட்கிறார்கள்.

ஆல்ஃபாவுக்கும் படைப்புக்கும் உறவு உண்டு என்பது உண்மைதான். அமெரிக்காவில் மார்க் ஜங்-பீமன், ஜான் கூனியஸ் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சொற்புதிருக்கு விடை பளிச்சென்று தோன்றுவதற்கு ஏறக்குறைய 0.3 நொடி முன்பு, வலது காதுக்கு மேலே காமா என்னும் வேகமான மூளை அலை பொங்கியது. அதற்குச் சற்று முன் தலையின் பின்பக்கம் ஆல்ஃபா உயர்ந்தது. ஆனால் அந்த ஆல்ஃபா, புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மூளையில் எழுந்தது. சும்மா இருந்த மூளையில் அல்ல.

தன் மூளை அலையைத் தானே மாற்றப் பழகும் நியூரோஃபீட்பேக் பயிற்சிக்கு ஹெட்ஃபோனைவிடக் கனமான சான்று இருக்கிறது. லண்டன் ராயல் இசைக் கல்லூரி மாணவர்களிடம் டோபியாஸ் எக்னரும் ஜான் க்ரூசெலியரும் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. மாணவர் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார், தலையில் மின்முனை. அவருடைய தீட்டா, ஆல்ஃபா அலைகள் உயர்ந்தால் இதமான ஓசை காதில் விழும். அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டே தூக்கத்தின் விளிம்புவரை போய், தூங்கிவிடாமல் அங்கேயே நிற்கப் பழக வேண்டும். யார் எந்தப் பயிற்சி பெற்றார் என்று அறியாத நடுவர்கள், வேறு பயிற்சிகள் பெற்ற குழுக்களைவிட இந்தக் குழுவின் வாசிப்புக்குத்தான் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். மதிக்கத்தக்க முடிவு. ஆனால் குழுக்கள் சிறியவை. எந்த வழியில் வாசிப்பு மேம்பட்டது என்பதற்கும் தெளிவான விடை இல்லை. அதைவிட முக்கியம், அவர்கள் ஏற்கெனவே வருடக்கணக்காகச் சாதகம் செய்தவர்கள்.

சாதகத்தின் பங்கு 2024இல் இன்னும் தெளிவானது. பிலடெல்ஃபியாவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வில் 32 ஜாஸ் கிட்டார் கலைஞர்கள் தலையில் மின்முனைகளோடு மனோதர்மமாக வாசித்தார்கள். லயிப்பு கூடியபோது அனுபவசாலிகளின் மூளையில், தன்னைத்தானே கண்காணிக்கும் முன்பகுதி அடங்கியிருந்தது. அனுபவம் குறைந்தவர்களிடம் அந்த மாற்றம் சொற்பம்.

பைனாரல் பீட்ஸோ மூளையை இழுப்பதிலேயே பின்தங்குகிறது. இரண்டு ஒலிகளையும் முன்பே கலந்து கொடுக்கும் சாதாரணத் துடிப்பு மூளையை இதைவிட வலுவாகத் தன் தாளத்துக்கு இழுத்ததை, 2020இல் வெளிவந்த மான்ட்ரியல் ஆய்வு காட்டியது. இரண்டுமே மனநிலையை மாற்றவில்லை. காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு இதில் சரக்கு இல்லை.

எழுத்தோ கணக்கோ பாதியில் நின்றுபோனால், ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நாற்காலியில் இருபது நிமிடம் சாய்ந்து பாருங்கள். பாரிஸில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், கணக்கோடு முதலில் போராடியவர்களுக்கு அப்படித்தான் ஓய்வு தரப்பட்டது. கண்ணயரும் முதல் கட்டத்தில் 15 நொடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் அதில் ஒளிந்திருந்த விதியைக் கண்டுபிடித்தார்கள்; விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம்.