விற்பவளுக்குப் பல பெயர், வாங்குபவனுக்கு?

நகரங்களுக்குக் குணம் கற்பிப்பது மனிதரின் பழக்கம். ஏதென்சு என்றால் அறிவு என்பர். உரோம் என்றால் ஆட்சி என்பர். பாரிசு என்றால் கலை என்பர். பாங்காக் என்றால்? விடை வருமுன்பே இதழோரம் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. அச்சிரிப்பின் பொருளை எவரும் விளக்குவதில்லை. விளக்காமலேயே எல்லோரும் விளங்கிக்கொள்கின்றனர்!

நெல்லைச் சந்திப்பிலும் பாளையங்கோட்டைத் தேநீர்க் கடைகளிலும் அச்சிரிப்பை இன்று தாராளமாகக் காணலாம். 2023 நவம்பரில், இந்தியர் விசா இன்றியே வரலாம் எனத் தாய்லாந்து தன் கதவைத் திறந்தது. சென்னையில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்திற்குள் பாங்காக். ‘ஐந்து நாள், நான்கு இரவு’ என்று அழைக்கின்றன சுற்றுலா விளம்பரங்கள். நாளை எண்ணியவன் இரவையும் ஏன் எண்ணினான் என்பது படிப்பவனுக்குத் தெரியும். புத்தர் சிலையும் பொன்வண்ணக் கோபுரமும் வீட்டாருக்குக் காட்டும் படங்கள். நண்பர்க்குச் சொல்லும் கதை வேறு!

அந்தக் கதையைத்தான், அதைக் கேட்டுப் பிறக்கும் சிரிப்பைத்தான், இங்கே ஆராயப் புகுகிறோம். சிரிப்புக்கு இலக்கிய ஏட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். அச்சிரிப்பைக் கற்றுக்கொடுத்ததில் இலக்கியத்துக்கும் பங்கு உண்டு. ஆதலால் இது திறனாய்வின் வேலையே.

முதலில் அந்நகரைப் பார்ப்போம். பாங்காக் மாணவர்களின் நகரம். 1917இல் சுலாலங்கோன் பல்கலைக்கழகமும், 1934இல் தம்மசாத் பல்கலைக்கழகமும் அங்கே எழுந்தன. 1973 அக்டோபரில் மாணவர்கள் தெருவிலே திரண்டு, குண்டுகளுக்கு மார்பு காட்டி, இராணுவத் தலைவன் ஒருவனை நாட்டைவிட்டே ஓடச் செய்தனர். மூன்றாண்டு கழித்து, 1976 அக்டோபரில், அதே தம்மசாத் வளாகத்தில் மாணவர் படுகொலை செய்யப்பட்டனர். இந்தி ஆதிக்கத்தை எதிர்த்து 1965இல் களங்கண்ட மாணவர்களின் வழிவந்த நம் இளைஞர்க்கு, அந்த மாணவரன்றோ உறவினராக இருக்கவேண்டும்? ஆனால் தம்மசாத்தின் பெயரை அறியாதவனும் பட்பொங் தெருவின் பெயரை அறிந்து வைத்திருக்கிறான்!

பட்பொங் தானாக முளைத்ததா? ‘அந்நாட்டுப் பெண்களின் இயல்பே அப்படி’ என்று சொல்லி முடித்துவிடுகிறவன், வரலாற்றைப் படிக்கவில்லை, வசதியைப் படித்திருக்கிறான். 1960இல் தாய்லாந்து விபசாரத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 1966இல் கேளிக்கை நிலையங்களுக்கென மற்றொரு சட்டம் வந்தது; மது விடுதிக்கும் நடன விடுதிக்கும் மசாஜ் விடுதிக்கும் உரிமம் கிடைத்தது. முன்வாசலைப் பூட்டிய சட்டத்துக்குப் பின்னாலேயே பக்கவாசலைத் திறந்த சட்டம்! அடுத்த ஆண்டே, 1967இல், வியட்நாமில் போரிடும் அமெரிக்கப் படைவீரர் ஓய்வுக்காக வந்து போக இரு நாடுகளுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. போர்க்களத்தில் சாவைப் பார்த்தவனுக்குச் சில நாள் இன்பம் வழங்கும் பொறுப்பு, ஏழை நாட்டின் ஏழைப் பெண்ணின் தலைமேல் விழுந்தது.

போர் முடிந்தது, படைகள் போயின, விடுதிகள் நின்றன. சிப்பாய் இருந்த நாற்காலியில் சுற்றுலாப் பயணி வந்து அமர்ந்தான். 1987ஐத் ‘தாய்லாந்துக்கு வாரீர்’ ஆண்டாக அரசு கொண்டாடிற்று. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1984இல், புக்கெட் தீவில் விடுதி ஒன்று தீப்பற்றியபோது, பூட்டி வைக்கப்பட்டிருந்த ஐந்து இளம்பெண்கள் கருகிக் கிடந்தனர். இன்ப உலகம் என்று எழுதுகிற பேனாக்கள் அந்த ஐந்து பேரையும் எழுதியிருக்கவேண்டும்!

அத்தொழிலுக்கு வந்த பெண்களில் மிகப் பலர் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள உழவர் குடிகளில் பிறந்தவர். வடகிழக்கு நிலப்பகுதிக்கு ஈசான் என்று பெயர். நம்மூர் வாஸ்துக்காரன், ஈசானிய மூலையில் செல்வம் கொழிக்கும் என்கிறான். தாய்லாந்தின் ஈசானிய மூலையிலோ, மழையை நம்பிய ஒரு போக நெல்லும் கடனும்தான் கொழித்தன! காரும் பிசானமும் என இரு போகம் கண்ட தாமிரபரணிக் கரையினர்க்கு, ஒரு போகத்து உழவன் வீட்டு அடுப்பு ஆண்டில் எத்தனை மாதம் எரியும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அடுப்பு எரிவதற்காகத் தலைநகருக்குப் போன மகள், மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிறாள். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் விரல் தேயப் பீடி சுற்றி வீட்டைக் காக்கும் பெண்ணுக்கும் அவளுக்கும் இடையே இருப்பது கடல்தான், கற்பு அன்று.

இனி இலக்கியத்துக்கு வருவோம்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு மருத நிலம். மருதத்துக்கு ஊடலை உரிப்பொருளாக வைத்தனர் நம் முன்னோர். தலைவி ஏன் ஊடுகிறாள்? தலைவன் பரத்தையின் இல்லம் சென்று திரும்பியதால். வயல் விளைந்த இடத்தில் செல்வம் விளைந்தது. செல்வம் விளைந்த இடத்தில் வாங்குபவன் விளைந்தான். அவனுக்குப் பெயர் என்ன? தலைவன்! அவளுக்கோ பரத்தை, கணிகை, விலைமகள், வேசி, தாசி. ஒருத்திக்கு இத்தனை பெயர் தந்த மொழி, அவளைத் தேடிப் போனவனுக்குத் தலைமைப் பட்டம் தந்தது. வள்ளுவர் ‘வரைவின் மகளிர்’ என ஓர் அதிகாரமே வகுத்து அப்பெண்களைப் பழித்தார். ஆயினும் காமத்துப்பாலில், புலவி நுணுக்கத்தின் தொடக்கத்திலேயே, தலைவியின் வாயால் அவனைப் ‘பரத்த’ என்று விளிக்க வைத்தார். ஆணுக்கும் அப்பெயர் பொருந்தும் என்று காட்டிய சொல் அது. நாம் என்ன செய்தோம்? பரத்தையைக் காத்துக்கொண்டோம், பரத்தனை மறந்துவிட்டோம்!

சிலம்பிலும் இதே கணக்கு. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை பெறும் மாலையைக் கூனி ஒருத்தி தெருவில் நின்று கூறுகிறாள்; கோவலன் வாங்குகிறான். அவன் காப்பியத் தலைவன். இளங்கோ மாதவியை இழிவுபடுத்தவில்லை. அது அவர் பெருமை. ஆனால் அவருக்குப் பின் வந்த மேடைகள் ‘மாதவி மயக்கினாள்’ என்றே முழங்கின. விலை கொடுத்தவன் மயங்கியவனாம். விலை கூறப்பட்டவள் மயக்கியவளாம்!

நம் காலத்துக்கு வந்தால், நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்ற புதுமைப்பித்தன் நிற்கிறார். 1934இல் வெளிவந்த அவரது ‘பொன்னகரம்’ அளவில் சிறிது, அடியோ பெரிது. ஆலைத் தொழிலாளி அம்மாளு; அடிபட்டுக் கிடக்கும் கணவன்; கையில் காசில்லை; இருண்ட சந்தில் முக்கால் ரூபாய். அதைக்கொண்டு கணவனுக்குக் கஞ்சி. கற்பைப் பற்றிக் கதைப்போரின் முகத்தில் கதை அறைகிறது. நகரத்தின் பொன்முலாமைச் சுரண்டி உள்ளிருக்கும் செம்பைக் காட்டியதில் அதற்கு இணை அரிது. பாங்காக் போகிறவன் பயணச்சீட்டோடு சேர்த்துப் படிக்கவேண்டிய கதை அது. என்றாலும் ஒரு வினா எழாமல் இல்லை. அம்மாளுவுக்குப் பெயர் உண்டு. கணவனுக்குப் பெயர் உண்டு. அந்த முக்கால் ரூபாயைக் கொடுத்தவனுக்கு? நெடுநாளாய் அவள்மேல் கண் வைத்திருந்த ஒருவன், அவ்வளவே. சந்தின் இருட்டிலிருந்து வந்தான், இருட்டிலேயே மறைந்தான். ஆசிரியரின் சினம் சமூகத்தின்மீது பாய்ந்தது, சரியே. ஆனால் சமூகம் என்பது அந்தச் சந்தில் ஒரு தனி ஆளின் உருவில் வந்து நின்றதே! அவனை ஆசிரியர் விளக்கருகே இழுத்து வரவில்லை.

1936இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ வந்தது. தேவதாசிக் குடியின் துயரை உள்ளிருந்து அறிந்தவர். பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து ஊர் ஊராய்ப் போராடியவர். 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் பங்கு கொண்டவர். அவர் எழுத்தில் ஏட்டறிவு குறைவு, பட்டறிவு மிகுதி. பெண்ணைத் தொழிலில் தள்ளும் வீட்டையும், அதற்குப் புனித முத்திரை குத்தும் மதத்தையும், பணத்தை இறைக்கும் மைனரையும் அவர் ஒருங்கே காட்டினார். இருப்பினும் தலைப்பைப் பாருங்கள்: மோசவலை தாசிகளுடையது, மதி மைனர் பெற்றது! தம் குடிப் பெண்களை மீட்கத் துடித்தவரின் நூலுக்கே காலம் இத்தலைப்பைச் சூட்ட வைத்தது என்றால், வழக்கத்தின் வலிமையை என்னென்பது? முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் 1927இல் தொடங்கிய முயற்சி, 1947இல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமாக முடிந்தது. சட்டம் பொட்டை அறுத்தது. மைனரின் மனத்தை எந்தச் சட்டம் அறுக்கும்?

நம் மேடையிலேயே முழங்கிய ‘இரத்தக்கண்ணீர்’ நாடகத்தையும் விட்டுவிடலாகாது. திருவாரூர் தங்கராசு எழுத, எம்.ஆர். இராதா நடிக்க, 1954இல் திரைப்படமாகவும் வந்த படைப்பு. வெளிநாடு சென்று மீண்ட செல்வன் மோகன், தாசி காந்தாவிடம் செல்வத்தை இழந்து, தொழுநோயாளியாகித் தெருவில் விழுகிறான். முடிவில் தன் மனைவிக்குத் தன் நண்பனையே மணம் முடித்து வைக்கிறான். மறுமணத்தை மேடையேற்றிய அத்துணிவு போற்றத்தக்கது. ஆனால் பாவத்துக்குத் தண்டனை தொழுநோய் என்று காட்டியது பகுத்தறிவா? அந்நோயின் கிருமியை ஆன்சன் 1873இலேயே கண்டறிந்து விட்டாரே! ஒழுக்கத்துக்கும் அந்நோய்க்கும் தொடர்பில்லை. கர்ம வினையை வாசலில் துரத்திவிட்டுச் சன்னல் வழியே உள்ளே விட்டதாகாதா இது? இன்னொன்று: கெட்டவனின் கண்ணீருக்கு நாடகம் முழுதும் இடம்; காந்தாவை அத்தொழிலில் பிறக்க வைத்தது எது என்று கேட்கச் சிறிது நேரமும் இல்லை. வாங்கியவன் இங்கும் ஏமாந்தவனாகவே எழுந்து நின்றான்.

இந்த நீண்ட மரபின் கடைசிப் பக்கமே பாங்காக் சிரிப்பு. அவன் கதையில் அவள் ‘வலை வீசுகிறாள்’, நகரம் ‘அழைக்கிறது’, இரவு ‘மயக்குகிறது’. பணப்பையைத் திறந்த கை மட்டும் எந்த வாக்கியத்திலும் எழுவாயாக வருவதில்லை. வகுப்பறையில் இலக்கணம் நடத்தும் நமக்கு இது விந்தையாகப் படுகிறது: இத்தனை வினைகள் நடக்கின்றன; செய்பவன் எப்போதும் தோன்றா எழுவாய்!

தோழர்களே, இங்கேதான் நம் பக்கத்திலிருந்தே ஒரு குரல் எழும்: ‘கற்பு என்பது ஆண் கட்டிய கதை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அவள் இசைகிறாள், நாங்கள் கொடுக்கிறோம். இதில் யாருக்கு என்ன இழப்பு? நீங்களும் பண்பாட்டுக் காவலர் ஆகிவிட்டீர்களா?’

கற்பு பெண்ணுக்கு மட்டும் பூட்டிய விலங்கு என்று பெரியார் சொன்னது, ஆணுக்கு அனுமதிச்சீட்டு வழங்குவதற்காக அன்று. விபசாரம் என்ற சொல் பெண்ணின் தலையில் மட்டும் விழுவது ஏன் என்று அவர் கேட்டார். அக்கேள்வியின் பாதியை விழுங்கிவிட்டு மீதியைக் கொண்டு விமானம் ஏறுவது பகுத்தறிவாகாது. நம் அளவுகோல் கற்பு அன்று, சமத்துவம். ‘வேண்டாம்’ என்று சொன்னால் அவள் வீட்டு அடுப்பு அணையும் என்ற நிலையில், அவள் சொன்ன ‘சரி’யின் எடை என்ன? அதை நிறுக்காமல் இசைவு, உரிமை என்று பேசுவது, கூலிக்காரன் ‘விரும்பியே’ பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறான் என்று முதலாளி பேசியதற்கு ஒப்பாகும்.

ஆகவே அவளைப் பிடித்து அடைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. அடைப்பது எளிது, அரசுகள் அதைத்தான் செய்து பார்த்தன. பட்பொங் பெண்களோடு 1985இல் தோன்றிய ‘எம்பவர்’ என்னும் அமைப்பு, அவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தது; வாடிக்கையாளனோடு தம் சொல்லால் பேரம் பேசும் வலிமை தந்தது; தொழிலாளர்க்குரிய காப்பு வேண்டும் என்று கேட்டது. தாய்லாந்தின் 1996ஆம் ஆண்டுச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரை விலைக்கு நாடுகிறவனுக்குச் சிறை என்றது. வாங்குபவனின் முகத்தில் முதலில் விழுந்த வெளிச்சங்களில் அதுவும் ஒன்று. நம் நாட்டிலும் 2022 மே மாதத்தில் உச்சநீதிமன்றம், இத்தொழிலில் உள்ள பெண்களும் மாண்புடன் நடத்தப்பட வேண்டிய குடிமக்களே என்று காவல்துறைக்கு உணர்த்தியது. பரிவு வேண்டாம், மதிப்பு வேண்டும் என்கிறார்கள் அப்பெண்கள். இலக்கியம் இன்னும் கண்ணீரையும் பழியையும் மாறி மாறித் தந்துகொண்டிருக்கிறது.

ஒரு காட்சியை மட்டும் எண்ணிப் பாருங்கள். பாங்காக்கில் சீலோம் என்றொரு நெடுஞ்சாலை. அங்கே 19ஆம் நூற்றாண்டில் பிழைக்கப் போன தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் உண்டு. அதே சாலையில் திரும்பினால் பட்பொங். காலையில் அம்மனுக்குத் தேங்காய். இரவில் அம்மாளுவுக்கு விலை! பெண்ணைத் தெய்வமாக்குவதும் பண்டமாக்குவதும் ஒரே சாலையில் அருகருகே நிற்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இரண்டிலும் அவள் மனிதப் பிறவியாக இல்லை.

ஆதலின் எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் ஒன்று சொல்வோம். இரவுநகரைப் பற்றி எந்தக் கதை வந்தாலும், கட்டுரை வந்தாலும், நண்பனின் பேச்சு வந்தாலும், மூன்று வினாக்களைக் கேளுங்கள்: அவள் எந்த ஊரிலிருந்து வந்தாள்? மறுக்கும் வலிமை அவளுக்கு இருந்ததா? வாங்கியவன் யார்? மூன்றுக்கும் விடை தரும் எழுத்தே இலக்கியம், மற்றவை விளம்பரம்.

இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் 2022இல் தமிழ்நாட்டரசு ஒரு திட்டம் தொடங்கிற்று; அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி ஏறும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். சேரன்மாதேவியிலும் அம்பாசமுத்திரத்திலும் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் பேருந்து ஏறிய பெண்களை நாம் அறிவோம். ‘வேண்டாம்’ என்று சொல்லும் வலிமைக்கு ஒரு பெயர் உண்டென்றால் அது படிப்பும் கைக்காசும்தான். பெண்ணுக்கு அதைக் கொடுப்போம். ஆணுக்கோ, அவன் மறந்துபோன பெயரைத் திருப்பிக் கொடுப்போம். வள்ளுவர் எடுத்துத் தந்த சொல்தான், துருப்பிடிக்கவில்லை, துடைத்து எடுத்தால் போதும்.