பழவேற்காட்டின் பாடு முறை: பங்கீட்டின் நேர்மையும் எல்லையும்

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை மீனவர்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இது நெடுங்காலமாக நடந்துவருகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இறால் மிகுதி. கழி நட்டுச் சுத்து வலை கட்டத் தோதான இடங்களோ சில. அதனால் உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கி, எவருக்கு எந்த இடம், எந்த நாள் என்று ஊரே ஒதுக்குகிறது. முறை சுழன்றுவரும்.

நேர்மையான பங்கீட்டை 1940களில் கணிதச் சிக்கலாக வடித்தவர் போலந்தின் ஹியூகோ ஸ்டைன்ஹவுஸ். இருவருக்கு விடை எளிது: ஒருவர் வெட்ட, மற்றவர் தேர்ந்தெடுப்பார். ஆனால் முகத்துவாரத்து நல்ல இடத்தை வெட்டிக் கொடுக்க முடியாது. குலுக்கல் எல்லாருக்கும் சம வாய்ப்புத் தரும்; சீட்டு விழுந்தபின் பொறாமை எழும். சுழற்சி அந்தப் பொறாமையை ஆற்றுகிறது. பாடு இவ்விரண்டையும் இணைத்தது பெரிய அறிவு. அதைவிடப் பெரிது, பிடிபட்ட இறாலைப் பங்கிடாமல் பிடிக்கும் வாய்ப்பைப் பங்கிட்டது. அடுத்தவர் கூடையை யாரும் நிறுக்க வேண்டியதில்லை. உழைப்பின் பலன் உழைத்தவருக்கே. தன் முறையில் பிறர் வலை இருந்தால் உரியவரே கண்டுபிடித்துவிடுவார். தனிக் காவலும் தேவையில்லை.

நிலவும் நீரோட்டமும் எல்லா இரவும் ஒன்றல்ல என்பதால் முறைகளின் மதிப்பும் ஒன்றல்ல. அது சிறு குறை. சுழற்சி நீளும்போது ஓரளவு சரியாகிவிடும்.

பெருங்குறை வேறு. பங்காளிகள் யார் என்பது குலுக்கலுக்கு முன்பே பிறப்பால் முடிவாகிவிடுகிறது. பட்டினவர் என்ற மீனவச் சாதிக் குடும்பத்து ஆண்களுக்கே உரிமை. அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களின் பெயர் சீட்டில் இல்லை. பெண்களின் பெயரும் இல்லை. பங்கீட்டுக் கோட்பாடும் பங்காளிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே கணக்கைத் தொடங்குவதால், இந்த அநீதி அதன் கண்ணில் படுவதில்லை.

பட்டியல் ஏன் எளிதில் விரிவதில்லை என்பதை ஜான் நாஷ் 1950இல் வகுத்த பேரக் கோட்பாடு விளக்குகிறது. பேச்சு முறிந்தால் எவர் கையில் என்ன மிஞ்சும் என்பதே பேரத்தின் வலுவைத் தீர்மானிக்கிறது. முறிந்தால் உள்ளே இருப்பவருக்கு இழப்பில்லை. வெளியே இருப்பவருக்கு மிஞ்சுவது மீன் குறைந்த இடம், அல்லது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலி. விட்டுக்கொடுப்பதன் விலையும் வெளிப்படை: 20 இடங்களை 100 பேர் பங்கிட்டால் ஐந்து நாளுக்கு ஒரு முறை வரும், 160 பேரானால் எட்டு நாளாகும். இறால் ஏற்றுமதிச் சரக்கானபின் அந்த மூன்று நாளின் மதிப்பு பன்மடங்கானது. இதே ஏரியை நம்பியும் பாடு உரிமை இல்லாத மற்ற ஊர்களுடன் மோதல் முற்றியதற்கு இதுவே அடிப்படை.

இலங்கையில் நீர்கொழும்புக் களப்பின் இதே போன்ற கட்டுவலை முறையை அரசு 1958இல் விதிகளாக்கியது. பழவேற்காட்டில் பாடு ஊர்க் கட்டுப்பாடாகவே நிற்கிறது. இருப்பதை அப்படியே சட்டமாக்கினால் விலக்கலும் சட்டமாகிவிடும். பட்டியலைத் திருத்தியபின் ஆக்குவதே நியாயம்.

அதற்கு வழி இன்னொரு பேரத்தில் இருக்கிறது. மணல் மூடும் முகத்துவாரத்தைத் திறந்துவைக்கவும், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கவும் எல்லாக் குப்பங்களும் சேர்ந்தே குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே பாடு ஊர்களுக்கு மற்ற ஊர்களின் துணை தேவை. தொடக்கத்தில் குறைந்த முறைகளோடு புதியவர்களைச் சேர்த்து, முகத்துவாரம் திறந்து இறால் பெருகப் பெருக அவற்றைக் கூட்டுவதாக ஒப்பந்தம் செய்தால், இரு தரப்பும் இன்றைய நிலையைவிட மேலாக நிற்க முடியும்.