பக்கத்தில் தொங்கியவர்

சைட்கார் பூட்டிய பழைய பந்தய பைக்குகளின் ரசிகர்கள் எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள். 1954 முதல் 1974 வரை, இரண்டே வருடம் தவிர, உலகப் பட்டமெல்லாம் பிஎம்டபிள்யூ எஞ்சினுக்குத்தான். சரி, பக்கத்தில் தொங்கியவர்? சைட்கார் இடப்பக்கம் இருந்தால், இடது வளைவில் அதன் சக்கரம் எழும்பப் பார்க்கும். அவர் வெளியே சரிந்து, தார்ச்சாலையை உரசுகிற தாழ்வில், உடம்பின் கனத்தால் அதை அழுத்தவேண்டும். வலது வளைவென்றால் ஓட்டுநரின் முதுகுப் பக்கம் தாவவேண்டும். பிடி தவறினால் இரண்டு பேருமே போச்சு. 1949இல் முதல் உலகப் பட்டம் வென்ற எரிக் ஆலிவரை இவர்களுக்குத் தெரியும். அன்று அவர் பக்கத்தில் தொங்கிய டெனிஸ் ஜென்கின்சனோ, 1955 மில்லே மிலியாவில் ஸ்டெர்லிங் மாஸுக்கு வழி சொன்னவராகத்தான் பேசப்படுகிறார். அதாவது, காருக்குள் உட்கார்ந்த பிறகு! கண்காட்சியில் பளபளவென்று துடைத்து நிறுத்திய வண்டியைச் சுற்றி நின்று எஞ்சினைக் குனிந்து குனிந்து பார்க்கிறார்கள். பக்கத்தில் அந்தத் தட்டு காலியாகக் கிடக்கிறது.