போதும் என்று சொல்லும் கேமரா

ஒலிம்பஸின் பழைய ஸூய்க்கோ லென்ஸில் மின்இணைப்பு எதுவும் கிடையாது. ஃபோகஸ் வளையம், அப்பெர்ச்சர் வளையம் இரண்டையும் நம் விரல்தான் திருப்ப வேண்டும். அப்படிப்பட்ட லென்ஸை மாட்டிக்கொண்டே ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் தானாக அளந்தது, 1975இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2. கேமரா வடிவமைப்பாளர் யோஷிஹிசா மைத்தானியின் கைவண்ணம்.

ஷட்டர் திறந்ததும், உள்ளே கண்ணாடிப் பெட்டியின் (மிரர் பாக்ஸ்) அடியில் இருக்கும் சிலிக்கான் செல்கள் ஃபிலிமையே பார்க்கின்றன. அதில் பட்டுத் திரும்பும் ஒளி போதுமானதும் ஃப்ளாஷுக்கு உத்தரவு போகிறது. வெளிச்சம் அங்கேயே அறுபடுகிறது. எஃப் 4இல் இருக்கிறோமா, எஃப் 11இல் இருக்கிறோமா என்பதைக் கேமராவிடம் சொல்லவே வேண்டாம். என்ன அழகான யோசனை!

இதன் அருமை எறும்பையோ மகரந்தத்தையோ நெருங்கி எடுக்கும்போது தெரியும். நிஜ அளவில் படம் விழ லென்ஸை முன்னே நகர்த்தினால், ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் ஒளி குறையும். ஃபிலிமுக்கு வந்து சேர்ந்த ஒளியை மட்டுமே அளப்பதால் அந்த இழப்பும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஃபிலிமுக்கு வந்து சேர்ந்த ஒளியை மட்டுமே அளப்பதால் அந்த இழப்பும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

வெள்ளைத் துணி படச்சட்டம் முழுக்க நிறைந்தால் மட்டும் ஃப்ளாஷ் சீக்கிரமே அணைந்து, வெள்ளை சாம்பலாகிவிடும். கேமராவில் ஃபிலிமின் வேகத்தைக் குறிக்கும் ஏஎஸ்ஏ எண்ணைப் பாதியாகக் குறைத்து வைத்தால் சரியாகும். அந்த ஒரு முடிவு நம்முடையது. அதுவும் எனக்குப் பிடித்தே இருக்கிறது.