‘பாலும் கொலையும்’: ஒரு சொற்பொழிவின் திறனாய்வு

இலக்கியமாக எழுதப்படாத உரைகளும் சில வேளைகளில் இலக்கியத்திற்குரிய ஆய்வை வேண்டி நிற்கும். 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் நிகழ்த்திய ஆங்கிலச் சொற்பொழிவு அத்தகையது. ‘பாலும் கொலையும்’ என்பது அதன் தலைப்பு. 1986இல் பினாங்கில் அது நூலாகவும் வெளிவந்தது. குழந்தைப் பால்மாவு வாணிகத்தில் இன்று ‘பெப்டைடு’ என்னும் புதுச்சொல் உலவுகின்றது. இந்நாளில் அவ்வுரையை மீண்டும் எடுத்து நோக்குவது பயனுடைத்து.

சொல்லின் திசை

அம்மையார் 1893இல் ஜமைக்காவில் பிறந்தவர். 1929 முதல், இன்று கானா எனப்படும் ஆப்பிரிக்க நாட்டில் மருத்துவராகப் பணியாற்றினார். அங்கே தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்ட குழந்தைகளை உடல் வீங்கச் செய்து கொல்லும் நோயொன்றைக் கண்டு 1933இல் எழுதினார். 1935இல் அந்நோய்க்கு, ‘கா’ மொழித் தாய்மார் வழங்கிய ‘குவாஷியோர்க்கர்’ என்னும் பெயரையே மருத்துவ ஏட்டில் ஏற்றினார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் விலக்கப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. தாய்மார் வாயிலிருந்த சொல்லை அறிஞர் அவைக்குக் கொண்டு சென்றவர் அவர் என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்ட அவர் சிங்கப்பூரில் கண்டது இதற்கு நேர்மாறான காட்சி. செவிலியர் உடை அணிந்த விற்பனைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று, இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தைக்கு ஏற்ற உணவென்று கூறித் தாய்மார் கையிற் கொடுத்தனர். கொழுப்பு நீக்கிய கெட்டிப்பாலில் ‘ஏ’, ‘டி’ வைட்டமின்கள் நில்லா. முன்னது குறைந்தால் கண் கெடும். பின்னது குறைந்தால் எலும்பு வளையும். மருத்துவத்தின் உடையும் சொல்லும் இங்கே தாயை மயக்குவதற்கு உதவின.

தலைப்பு தகுமா?

‘கொலை’ என்னும் சொல் மிகையென்று கூறுவார் உளர். கொல்லும் எண்ணம் இருந்தாலன்றிச் சட்டம் அதனைக் கொலை என்னாது. சொற்பொழிவாளரே இத்தடையை எதிர்பார்த்து, சட்ட நுணுக்கம் பேசுவோர் வேண்டுமானால் சற்று மென்மையான குற்றப்பெயரை இட்டுக்கொள்ளலாம் என்று விடையிறுக்கின்றார். நாள்தோறும் குழந்தைகள் மடிவதைக் கண்டவருக்கு வேறு சொல் தோன்றாது என்பதே அவர் கருத்து. இது வெறும் சினமன்று. வணிகரும் செல்வாக்குடையோரும் கூடும் சங்கத்திலேயே அவர் இதனைக் கூறினார். கேட்க வேண்டியவர் முன் கூறப்பட்டமையே இக்கடுஞ்சொல்லுக்கு நேர்மையைத் தருகின்றது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அவர் பழித்தது பொருந்தாப் பாலையும் பொய்ப் பரப்புரையையும். பால் கொடுக்க இயலாத தாயைப் பழிக்க இத்தலைப்பை எடுத்தாளுவோர் உரையின் பொருளைத் திரிப்பவராவர். விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட்டு, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற தோட்டத்துத் தாய் எந்தக் குற்றவாளிப் பட்டியலிலும் இடம்பெறத் தகாதவள். இன்றைய பால்மாவும் 1939இன் கெட்டிப்பால் அன்று. தாயை இழந்த குழந்தைக்கு அது உயிர்மருந்து.

பதம் பிரித்தல்

இனி, புதுச்சொல்லை நோக்குவோம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோவையாக நின்ற நெடுந்தொடர். செரிமான நொதிகள் அதனை வெட்டும்போது பிறக்கும் சிறு துண்டே பெப்டைடு. நன்னூல் கூறும் பொதுமொழியை ஆசிரியர்கள் அறிவர். ‘வேங்கை’ என ஒன்றாய் நின்றால் மரமும் புலியும். ‘வேம் கை’ எனப் பிரிந்தால் வேகின்ற கை. பாற்புரதமும் அவ்வாறே. முழுதாய் நிற்கையில் உணவு. வெட்டுண்ட இடத்திற்கேற்ப வேறொரு தொழில்.

1950இலேயே மெலாண்டர் என்பார், கேசீனிலிருந்து பிறக்கும் பாஸ்பரஸ் சார்ந்த பெப்டைடுகள் எலும்புருக்கம் கொண்ட குழந்தைகளின் எலும்பில் சுண்ணம் படியத் துணைசெய்யும் எனக் கருத்துரைத்தார். 1979இல் அபின் போன்று செயற்படும் காசோமார்பின்கள் அறியப்பட்டன. 1992இல் ஜப்பானிய அறிஞர்கள், லாக்டோபெரின் என்னும் புரதத்தை வெட்டிப் பெற்ற துண்டு, முழுப் புரதத்தினும் வலிதாக நுண்ணுயிர்களைத் தாக்குவதைக் காட்டினர்.

இவையெல்லாம் மெய்யே. ஆனால் மூலபாடம் வேறானால் பிரிப்பும் வேறாகும். பசும்பாற் புரதத்தில் 80 விழுக்காடு கேசீன். தாய்ப்பாலிலோ மோர்ப்புரதமே மிகுதி. பசுவின் மோர்ப்புரதத்தில் மிகுந்துள்ள பீட்டா லாக்டோகுளோபுலின் தாய்ப்பாலில் இல்லை. மேலும், தாயின் மார்பிலேயே நொதிகள் புரதத்தை ஓரளவு வெட்டத் தொடங்கிவிடுகின்றன. மாவாக்கும் வெப்பத்திலோ பாற்சர்க்கரை புரதத்தின் லைசீனோடு ஒட்டிக்கொண்டு, டிரிப்சின் நொதி வெட்டவேண்டிய இடத்தை மறைத்துவிடுகின்றது.

மூன்று படிகள்

பெப்டைடு உண்டு என்பது முதற்படி. ஆய்வுக் குழாயில் அது செயற்படும் என்பது இரண்டாம் படி. அருந்திய குழந்தைக்கு நலம் விளையும் என்பது மூன்றாம் படி. விளம்பரம் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவுகின்றது. அறிஞர் உலகம் அவ்வாறு தாவுவதில்லை. முன்னரே வெட்டிய கேசீன் கலந்த பால்மாவு நீரிழிவைத் தடுக்குமா என 15 நாடுகளில் 2,159 குழந்தைகளைக் கொண்டு ஆராய்ந்தனர். முதல்வகை நீரிழிவை அது குறைக்கவில்லை என 2018இல் முடிவு வெளிவந்தது. ஒவ்வாமையைத் தடுக்கும் என்பதற்கும் ஒருமித்த சான்றில்லை என 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள் உரைத்தனர். காசோமார்பின் நோய் விளைக்கும் என்ற அச்சத்திற்கும் போதிய ஆதாரமில்லை என 2009இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூறியது. ஆகவே, மிகைப் புகழ்ச்சியும் மிகை அச்சமும் ஒருங்கே தள்ளத்தக்கன.

இவ்வாய்வுக்கு விலைப்பக்கமும் உண்டு. பத்தாண்டுகளில் சிங்கப்பூரில் பால்மாவு டின்னின் சராசரி விலை 120 விழுக்காடு ஏறியதென 2017இல் அங்குள்ள போட்டித்தன்மை ஆணையம் அறிவித்தது. உயர்ந்த விலை தாங்காத தாய், ஒரு கரண்டி மாவில் மிகுதியாக நீரைக் கலப்பாளானால் இழப்பு யாருக்கு?

முடிவுரை

1981இல் உலகச் சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுணவு விற்பனைக்கு நெறிமுறை வகுத்தபோது, 1939இன் குரல் காலம் கடந்தேனும் செவியேறியது எனலாம். ஆயினும் உரையின் பணி முடியவில்லை. செவிலியர் உடை போயிற்று. அறிவியற் கலைச்சொல் அவ்விடத்திற்கு வந்துள்ளது. தாயின் சொல்லை அறிவியலுக்கு ஏற்றியவர் அம்மையார். அறிவியலின் சொல்லைத் தாயின்மேற் சுமத்துகின்றது வாணிகம். அச்சொல்லைப் பதம் பிரித்துப் பொருள்கூறும் பொறுப்பு, எழுத்தறிவிக்கும் ஆசிரியர்களுக்கு உண்டு. டின்னின்மேல் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டச் சொல்லித் தாயொருத்தி பள்ளிக்கூட வாயிலில் வந்து நிற்பாளானால், அவளுக்கு வேண்டியது மொழிபெயர்ப்பு மட்டுமன்று, உரையும் வேண்டும்.