பனியில் விழுந்த நாவலாசிரியர்

யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். யோசித்துப் பார்த்தால் இது யானைகளுக்காகவே ஏற்பட்ட பழமொழி. நடக்கத் தெரிந்தவன் ஒரு நாள் தவறிவிட்டால் அவனைத் தேற்றச் சொல்வது. நடக்கவே தெரியாமல் சறுக்கு நிலத்தில் கால் வைத்துவிட்டு, காலை முதல் மாலை வரை விழுவதும் எழுவதுமாக இருக்கிறவனுக்கு இது எப்படிப் பொருந்தும்? அவன் யானை அல்ல. அவனுக்குச் சறுக்குவது விபத்தும் அல்ல. அன்றைய வேலையே அதுதான்.

ஸ்கீ என்கிற பனிச் சறுக்கு விளையாட்டைப் பற்றிய எழுத்தில் இந்த மனிதனைத்தான் நான் தேடிப் போகிறேன். வல்லவர்கள் எழுதியதில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை. வல்லவனுக்கு மலைச் சரிவு ஒரு பாதை, அவ்வளவுதான். கற்றுக்குட்டிக்குத்தான் அது சரிவாகத் தெரிகிறது. பள்ளத்தின் ஆழமும், மரத்தின் தடிப்பும், எதிரே வருகிறவரின் முகமும் அவன் கண்ணுக்குத்தான் படுகின்றன. எழுத்துக்கு வேண்டிய கண் அதுதானே?

ஆனால் கற்றுக்குட்டிகள் எழுதுகிற கட்டுரைகளில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைக்கு விடுமுறை நாளில் போய்வந்தவர்கள் எழுதியவை நாலைந்து படித்தால் போதும், ஆறாவதை நாமே எழுதிவிடலாம். பூட்ஸ் காலை நெரிக்கும். மின்சார இழுவையிலிருந்து இறங்கும்போதே முதல் வீழ்ச்சி. ஐந்து வயசுக் குழந்தை ஒன்று ஊன்றுகோல்கூட இல்லாமல் பக்கத்தில் சீறிக்கொண்டு போகும். கடைசியில் சூடான சாக்லேட். எல்லாம் நடந்ததுதான். பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் படித்து முடித்ததும் யாரோ முன்கூட்டியே சிரித்து வைத்துவிட்ட சிரிப்பு என்றுதான் தோன்றுகிறது.

இதற்குக் காரணம் அந்த விளையாட்டிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். நமக்குப் பனி என்றால் ஒரே சொல்தான். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதும் பனி, மலையை ஆளுயரத்துக்கு மூடிக் கிடப்பதும் பனி. சறுக்குகிறவனுக்கோ அதில் ஆயிரம் பேதம். பகல் வெயிலில் மேற்பரப்பு இளகும். இரவில் அதுவே உறைந்து கண்ணாடியாகும். கூட்டம் அதிகமான சரிவில் நூற்றுக்கணக்கான பலகைகள் மேலே இருக்கிற மெத்தென்ற பனியைச் சுரண்டி ஓரங்களில் ஒதுக்கிவிடுவதால், பிற்பகலில் நடுவில் வழுவழுவென்று கெட்டிப் பனி பல்லிளிக்கும். அதில் பலகையின் அடிப்பாகம் பயன்படாது. ஓரம்தான் பிடிக்க வேண்டும். அந்த ஓரத்துக்கு எஃகுத் தகடு வைக்கலாம் என்று ஸால்ஸ்பர்க் நகரத்து ருடால்ஃப் லெட்னர் 1926-ல் காப்புரிமை பெற்றார். தகடு இருந்தாலும் உடம்பின் கனம் பள்ளத்தை நோக்கி முன்னால் சாய்ந்தால்தான் அது கடிக்கும். பயந்தவன் என்ன செய்வான்? மலைப் பக்கமாகப் பின்னால் சாய்வான். பலகையின் முன் பாதி கனமில்லாமல் போய், அவனை அது தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடும். தப்பிக்கச் செய்கிற காரியமே அவனைத் தள்ளிவிடுகிறது.

ஹாஸ்யக் கட்டுரை எழுதுகிறவர்களும் இப்படித்தான் பின்னால் சாய்கிறார்கள். விழப் போகிறோம் என்று தெரிந்ததும், 'நான் ஒரு அசடு' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டுப் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறார்கள். அப்புறம் விழுவதற்கு உயரம் ஏது?

இப்படிச் சாயாத ஒரு கட்டுரை உண்டு. ஆர்தர் கானன் டாயில் எழுதியது. லண்டன் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் 1894 டிசம்பரில் வெளிவந்தது. அந்த வருஷம் மார்ச் 23-ந் தேதி, ஸ்விட்ஜர்லாந்தில் தாவோஸ் என்ற ஊரிலிருந்து அரோஸா என்ற ஊருக்கு, சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள மாயன்ஃபெல்டர் ஃபுர்கா கணவாயைத் தாண்டி அவர் ஸ்கீயில் போன கதை. கூட வந்தவர்கள் டோபியாஸ், யோஹான் என்கிற பிராங்கர் சகோதரர்கள். அப்போது டாயிலுக்கு 34 வயசு. ஆஜானுபாகு, கிரிக்கெட், குத்துச்சண்டை எல்லாம் பழகியவர். பலகைகளில் மட்டும் புதியவர்.

கட்டுரை ஆரம்பிக்கிற விதத்தைப் பாருங்கள். தன்னைப் பற்றிப் பேசவில்லை, பலகையைப் பற்றிப் பேசுகிறார். 8 அடி நீளம், 4 அங்குல அகலம், எல்ம் மரம், முனை வளைந்திருக்கும், நடுவில் வார். பார்த்தால் சாதுவான பொருள். இதற்குள் என்ன விஷமம் அடங்கியிருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது என்கிறார். ஒரு துப்பறியும் கதையில் கொலைக் கருவியை மேஜைமேல் வைத்துக் காட்டுகிற நிதானம் அது. விழுகிறவனைக் கோமாளியாக்காமல், பலகைக்கு ஒரு குணத்தைக் கொடுத்து அதை எதிரியாக்கிவிடுகிறார். நாமும் நம்மை அறியாமல் பந்தயம் கட்டத் தயாராகிவிடுகிறோம். கௌரவம் மிஞ்சிப் போய் அவதிப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சிகிச்சை கிடையாது என்று நடுவில் ஒரு போடு போடுகிறார். டாயில் டாக்டருக்குப் படித்தவர் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இது இன்னும் ருசிக்கும்.

கட்டுரையின் உச்சம் கணவாய்க்கு அப்பாலுள்ள செங்குத்தான இறக்கம். நின்றுகொண்டு போக முடியாது என்று சகோதரர்கள் தீர்மானிக்கிறார்கள். பலகைகளைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து, குதிகாலைப் பனியில் ஊன்றி, கோலைப் பின்னால் அழுத்திக்கொண்டு இறங்குகிறார்கள். டாயிலும் அப்படியே செய்கிறார். வேகத்தைக் குறைக்கக் கோலை அழுத்தினால் வண்டி பக்கவாட்டில் திரும்புகிறது. குதிகாலை அழுத்தினால் இவர் பின்பக்கமாகத் தூக்கி எறியப்படுகிறார். கட்டின பலகைகள் அம்பு மாதிரி சகோதரர்களைத் தாண்டிப் போய்க் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. மீதிச் சரிவைத் தாம் உட்கார்ந்திருந்த இடத்தின் உதவியாலேயே இறங்க வேண்டியதாகிறது. ஹாரிஸ் கம்பளித் துணி தேயாது என்று சொன்ன தையல்காரரை இங்கேதான் வம்புக்கு இழுக்கிறார். அந்தத் துணியின் மாதிரிகள் மலையிலிருந்து ஊர்வரை வழிநெடுகக் கிடக்கின்றன, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிற தோரணையில். 'விழுந்தேன், வலித்தது' என்று அவர் சொல்லவே இல்லை. துணியின் தரத்தைப் பற்றி ஒரு வியாபாரத் தகராறு, அவ்வளவுதான். வலி நமக்குத் தானாகத் தெரிகிறது.

இதே பத்திரிகையில், சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால், 1893 டிசம்பரில், இதே ஆசிரியர் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்றார். அதுவும் ஸ்விட்ஜர்லாந்தில்தான், ரைக்கன்பாக் அருவியின் விளிம்பில். அந்த வீழ்ச்சியில் எவ்வளவு கம்பீரம்! இடி முழக்கம், நீர்த்திவலை, பாறைமேல் விட்டுப்போன கடிதம், கீழே அடி காணாத பள்ளம். வாசகர்கள் துக்கம் கொண்டாடினார்கள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், கொன்றவரே அதே தேசத்து மலைச் சரிவில் கால்சட்டை கிழிய இறங்கி வருவதை அதே பக்கங்களில் படித்தார்கள். எது உண்மையான வீழ்ச்சி? 1903-ல் ஹோம்ஸ் திரும்பி வந்து, தான் அருவியில் விழவே இல்லை என்று சொல்லிவிட்டார். கம்பீரமான வீழ்ச்சி பொய்யாகப் போயிற்று. அசட்டு வீழ்ச்சியை ஆசிரியர் வாபஸ் வாங்க முடியாது. துணி கிழிந்தது கிழிந்ததுதான். டாயில் தம் சரித்திர நாவல்களைத்தான் பெரிதாக மதித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். என்னைக் கேட்டால், அவற்றில் சிலவற்றை அலமாரியிலேயே விட்டுவிட்டு இந்தச் சில பக்கங்களைக் கையில் எடுத்துக்கொள்வேன்.

இந்தக் கட்டுரை சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. டாயில் தாவோஸுக்கு விளையாடப் போகவில்லை. 1893-ல் அவர் மனைவி லூயிஸாவுக்கு க்ஷயம் என்று தெரிந்தது. சில மாதங்கள் தாங்கலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் க்ஷயத்துக்கு மலைக்காற்றுதான் மருந்து. அவளை அழைத்துக்கொண்டு போன இடத்தில்தான் இந்தப் பலகைகள். கட்டுரையில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை ஒளிவு மறைவு என்று சொல்லலாம், கல்நெஞ்சு என்றுகூடச் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வியாதிக்காரர்கள் வராந்தாவில் கம்பளி போர்த்திப் படுத்திருக்கிற ஊரிலிருந்து ஒரு மனிதர் விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பிப் போய், நாள் பூராவும் விழ முடிகிற அளவுக்கு உடம்பு நன்றாக இருக்கிற சந்தோஷத்தை அனுபவிக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் குற்ற உணர்வும் இருந்திருக்கும். மனைவியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் வாசகர் அனுதாபப்பட்டிருப்பார், சிரித்திருக்க மாட்டார். அனுதாபம் சம்பாதிக்க அவளை உபயோகிக்கவில்லை என்பதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன். லூயிஸா 1906 வரை இருந்தாள்.

மரியாதை குறைகிற இடம் வேறு. 1924-ல் வெளியான சுயசரிதையில் டாயில் இதே பிரயாணத்தை மறுபடி சொல்கிறார். அங்கே, அந்தப் பிரதேசத்துக்கு ஸ்கீயைக் கொண்டுவந்த முதல் ஆள் தாமே என்று உரிமை கொண்டாடுகிறார். அல்லது குளிர்காலத்தில் மலை தாண்ட அது உதவும் என்று நிரூபித்தவராவது தாம்தான் என்கிறார். பிராங்கர் சகோதரர்கள் அவருக்கு ஒரு வருஷம் முன்பே, 1893-ல், அதே கணவாயைத் தாண்டியிருந்தார்கள். 1894 கட்டுரை இதை மனசாரச் சொல்லியிருக்கிறது. முப்பது வருஷத்தில் கற்றுக்குட்டி முன்னோடியாகிவிட்டார்! விழுந்தவர் மறைந்து, கொண்டுவந்தவர் நிற்கிறார். நடை சுத்தமாக இருக்கிறது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

அதே 1924-ல் ஜெர்மனியில் இன்னொரு புத்தகம் வெளிவந்தது: தாமஸ் மன் எழுதிய 'மாய மலை'. அதுவும் தாவோஸ்தான். மன் அங்கே போன காரணமும் மனைவியின் நெஞ்சுக் கோளாறுதான். 1912-ல் சானடோரியத்தில் இருந்த காட்யாவைப் பார்க்கப் போய் மூன்று வாரம் தங்கினார். அந்த நாவலில் 'பனி' என்ற அத்தியாயத்தில், கதாநாயகன் ஹான்ஸ் காஸ்டார்ப் சானடோரியத்தின் விதிக்கு விரோதமாக ஸ்கீ வாங்கிப் பழகுகிறான். பிறர் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் பழகுகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு ஒரு நாள் தனியாகப் போய்ப் புயலில் மாட்டிக்கொள்கிறான். சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட வைக்கோல் குடிசைக்கே திரும்பி வருகிறான். வெகு நேரம் அலைந்தோம் என்று கடிகாரத்தைப் பார்த்தால் கால் மணிதான் ஆகியிருக்கிறது. இந்தப் பக்கங்களுக்கு ஈடு இணை கிடையாது. அதற்கப்புறம் வருகிற கனவு இருக்கிறதே, வெயில் கொழிக்கும் கடற்கரை, அழகான மனிதர்கள், கோயிலுக்குள்ளே குழந்தையைக் கிழித்துத் தின்னும் கிழவிகள் — பண்டிதர்கள் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அங்கே ஆசிரியரின் குரல் பாத்திரத்தின் குரலை அமுக்கிவிடுகிறது. கடிகாரம் சொல்லிவிட்டதைக் கனவு இரைந்து திரும்பச் சொல்கிறது. ஆனால் மன் லேசான ஆசாமி அல்ல. அன்று இரவு காஸ்டார்ப் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மலையில் கண்ட மகத்தான உண்மையை மறக்கத் தொடங்கிவிடுகிறான் என்று அத்தியாயத்தை முடிக்கிறார். அந்த முடிவு கனவுக்கும் சேர்த்து மன்னிப்பு வாங்கிக் கொடுத்துவிடுகிறது.

இரண்டு பேரிடமும் இல்லாதது ஒன்று: கூட்டம். டாயிலைச் சுற்றி இரண்டே பேர். காஸ்டார்ப்பைச் சுற்றி யாரும் இல்லை. ஆனால் டாயிலுக்குக் கூட்டம் தெரிந்திருந்தது. ஒரு காலம் வரும், மார்ச் ஏப்ரலில் நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர் ஸ்கீக்காக இங்கே வருவார்கள் என்று அந்தக் கட்டுரையிலேயே ஜோசியம் சொல்கிறார். நூறு என்று சொன்னது எவ்வளவு அடக்கம்! 1934 டிசம்பர் 24-ந் தேதி, அதே தாவோஸில், போல்கன் சரிவில் ஆட்களை மேலே இழுத்துப்போகிற கம்பி இழுவை வேலை செய்யத் தொடங்கியது. அதுவரை மேலே ஏற மூச்சு இருக்கிறவன்தான் கீழே சறுக்கினான். அப்புறம் ஏறும் கஷ்டம் போயிற்று. யார் வேண்டுமானாலும் உச்சிக்குப் போய், தனக்குத் தகாத சரிவின் தலையில் நிற்கலாம். 1967-ல் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் சரிவுகளுக்கு நடத்தை விதிகள் எழுத வேண்டியதாயிற்று. பின்னாலிருந்து வருகிறவன் முன்னால் இருப்பவனுக்கு ஆபத்தில்லாமல் வழி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கற்றுக்குட்டிக்குச் சாதகமான விதிதான். ஆனால் கெட்டிப் பனியில் முதுகுப் பக்கம் பலகைகள் கரகரவென்று சுரண்டுகிற சத்தம் கேட்கும்போது, வருகிறவர் விதியைப் படித்திருக்கிறாரா என்று எப்படித் தெரியும்?

டாயில் விழுந்தபோது அவருக்கு வெட்கம் மட்டும்தான். இன்றைய சரிவில் விழுகிறவனுக்கு வெட்கப்பட அவகாசமில்லை. உருண்டு ஓரத்துக்குப் போயாக வேண்டும். அவனால் யாருக்காவது காலொடியலாம், யாராலாவது அவனுக்கும். இந்தப் பயத்தைச் சிரிப்பாக்குவதா, சிரிப்புக்குள் பயமாகவே வைப்பதா என்பது எழுதுகிறவனுக்குப் புதுப் பிரச்னை. பூட்ஸையும் சாக்லேட்டையும் விட்டுவிட்டு அந்தச் சுரண்டல் சத்தத்திலிருந்து தொடங்குகிற ஒரு கட்டுரையை நான் இன்னும் படிக்கவில்லை.

அரோஸா ஹோட்டலில் பதிவேட்டில் எழுதும் வேலையை டோபியாஸ் செய்தார். டாயிலின் பெயருக்கு நேரே தொழில் என்ற இடத்தில் 'ஆட்டக்காரர்' என்று பொருள்படும் ஆங்கில வார்த்தையை எழுத்துப் பிழையோடு போட்டுவைத்தார். நாவலாசிரியர் என்றோ டாக்டர் என்றோ போடவில்லை. டாயில் அந்தப் பிழையைத் திருத்தாமல் அப்படியே சுயசரிதையில் அச்சேற்றியிருக்கிறார்.