சாயும் சுழலியும் ஒரு சிறிய தீவும்

சிராங்கூன் வீவக வீடுகளில் இருப்பவர்களுக்கு விமான இரைச்சல் புதிதல்ல. பாய லேபார் ஆகாயப் படைத் தளம் அருகில்தான் இருக்கிறது. ஆனால் அதே வானில், செங்குத்தாக எழும்பி விமானமாகப் பறக்கும் டில்ட் ரோட்டர் ஊர்திகளை நகர வான்டாக்சியாக்கும் பேச்சை நாம் உரசிப் பார்ப்பது அவசியம்.

இந்த ஊர்திகளின் இயக்கம் வியப்புக்குரியது. இவ்வகை ராணுவ ஊர்தியான வி-22 ஆஸ்பிரேயின் இறக்கை நுனி ஒவ்வொன்றிலும் ஓர் இன்ஜின், 11.6 மீட்டர் விட்டமுள்ள ஒரு சுழலி. எழும்பும்போது சுழலிகள் வானை நோக்கியிருக்கும். பிறகு இன்ஜின் கூடு மெல்ல முன்னே சாயச் சாய, சுமை இறக்கைக்கு மாறும். அதன்பின் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகம். வழக்கமான ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் 300-க்குள் நின்றுவிடுகின்றன. ஓர் இன்ஜின் நின்றாலும், இறக்கைக்குள் ஓடும் தண்டு வழியே மற்றது இரு சுழலிகளையும் சுழற்றும்.

ஆனால் போர்க்கப்பல் தளத்தில் அடங்க வேண்டும் என்பதால் சுழலி ஹெலிகாப்டருக்குச் சிறியது, விமானத்துக்கோ பெரியது. அதனால் அந்தரத்தில் நிற்க அதிக சக்தி வேண்டும், கீழே அடிக்கும் காற்றும் கடுமை. 2000 ஏப்ரல் 8 அன்று அரிசோனாவின் மரானாவில் மிக வேகமாக இறங்கிய ஆஸ்பிரே, தன் சுழலி தள்ளிய காற்றிலேயே சிக்கி ஒரு பக்கம் தூக்குவிசை இழந்து புரண்டது. 19 பேர் மாண்டனர். 2023 நவம்பர் 29 அன்று ஜப்பானின் யாகுஷிமா அருகே பல்சக்கரப் பெட்டி உடைந்து 8 பேர் இறந்தனர். எச்சரிக்கை விளக்குகள் எரிந்த பிறகும் பறத்தல் தொடர்ந்தது என்பதால், பழி முழுவதையும் இயந்திரத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் பல்சக்கரப் பெட்டியே சிதறினால் அந்த இணைப்புத் தண்டும் கைகொடுக்காது என்பதுதான் என்னை உறுத்துகிறது. பொதுமக்களுக்கான டில்ட் ரோட்டரான ஏடபிள்யூ609, 2003-இல் முதலில் பறந்து, இருபது ஆண்டுகள் கழிந்தும் சான்றிதழுக்குக் காத்திருந்தது.

நம் ஊர் அனுபவம் வேறு. 2019 அக்டோபர் 22 அன்று மரினா பே மேல் பறந்த வோலோகாப்டர் வான்டாக்சிக்கு 18 சுழலிகள், எதுவும் சாயாது. எளிமையானது, ஆனால் வேகமும் தூரமும் குறைவு. அதைத் தயாரித்த நிறுவனம் 2024 டிசம்பரில் நொடிப்பு மனு கொடுத்தது. வோலோகாப்டருக்கு மாற்றாகச் சாயும் சுழலிகளை முன்வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சாங்கியிலிருந்து நகர மையம் சுமார் 20 கிலோமீட்டர். சாய்ந்து வேகமெடுத்த சில நிமிடங்களில் மறுபடி நிமிர்ந்து இறங்கியாக வேண்டும். ஆபத்து மிகுந்த அந்த மாற்றங்கள் இரண்டும் அடுக்குமாடிகளின் தலைக்கு மேல் நடக்கும்.

தென்சீனக் கடலில் வெகுதூரத்தில் தத்தளிக்கும் மாலுமியை மீட்க டில்ட் ரோட்டரை வாங்கலாம். சிராங்கூன் கூரைகளுக்கு மேல் இது வேண்டாம்.